அடைப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம்

"போன மாசம்தான் பல் அடைச்சேன், அதுக்குள்ள கையோட வந்துடுச்சு!" என்று யாராவது ஒருவர் புலம்பாத வீடு அபூர்வம். டாக்டர் சரியில்லை என்பார் ஒருவர். இந்த வெள்ளை அடைப்பே இப்படித்தான், அந்தக் காலத்து வெள்ளி அடைப்புக்கு ஈடாகுமா என்பார் இன்னொருவர். அடைக்கிற பொருளைவிட, அதற்கு முன்னால் பல்லைத் தயார் செய்கிற அந்த ஐந்து நிமிடம்தான் முக்கியம் என்பதை என் மகளால் நான் தெரிந்துகொண்டேன். பிள்ளைகளை வைத்திருக்கும் சகோதரிகளுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மேற்குத் தாம்பரத்தில். மகளுக்கு எட்டு வயது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை என்று ஓரிடத்தில் அடைத்தோம். மூன்றாம் மாதம் முறுக்கு கடிக்கும்போது அடைப்பு அப்படியே பெயர்ந்து வந்துவிட்டது. "விழுந்து முளைக்கிற பல்லுக்கு எதுக்கும்மா இவ்வளவு செலவு? பிடுங்கிப் போட்டுடு" என்றார் என் மாமியார். அவருக்கும் என் கணவருக்கும் அதுவே நல்ல யோசனையாகப் பட்டது. எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. சேலையூர்ப் பக்கம் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன்.

அவர் பார்த்துவிட்டு, "இது பால் பல் இல்லம்மா. இதை எடுத்தா வேற பல் முளைக்காது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, ஆறு வயதுவாக்கில் சத்தமில்லாமல் முளைக்கிற பல் இது. அதனால்தான் பல தாய்மார்கள் இதையும் பால் பல் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். ஆயுசு முழுக்க மென்று தின்னப் போகிற பல் இதுதான்.

"போன தடவை எப்படி அடைச்சாங்க?" என்று கேட்டார். வெளியே ஏகப்பட்ட கூட்டம். நடுவில் குழந்தை எழுந்து எச்சில் துப்பினாள். உட்கார்ந்ததும் மளமளவென்று அடைத்து அனுப்பினார்கள் என்றேன். "அதான் காரணம்" என்றவர், பஞ்சர் கடையை உதாரணம் காட்டினார். ஜி.எஸ்.டி. ரோட்டோரம் பஞ்சர் ஒட்டுகிறவரைப் பாருங்கள். டியூபை அரத்தால் தேய்த்துச் சொரசொரப்பாக்குகிறார். தூசி தட்டி, ஈரமில்லாமல் துடைக்கிறார். சொல்யூஷன் தடவிக் காய விட்டுப் பிறகுதான் ஒட்டுப் போடுகிறார். நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் ஒட்டு நிற்குமா? பல்லும் அதே கதைதான்.

வெள்ளி அடைப்பு பல்லில் ஒட்டுவதில்லை. அடி அகன்று வாய் குறுகிய குடம்போலப் பல்லைக் குடைந்து, அதில் இறுக்கி வைப்பார்கள். அதற்காக நல்ல பல்லையும் கொஞ்சம் வெட்ட வேண்டியிருக்கும். அதில் பாதரசமும் உண்டு. பால் பற்களுக்கும், பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும், அவசியம் என்று மருத்துவர் கருதினாலொழிய, அதைத் தவிர்க்க வேண்டும் என்று மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2022-ல் முடிவு செய்தன. ரெசின் என்கிற வெள்ளை அடைப்பு அப்படியல்ல. பல்லோடு ஒட்டி நிற்பது. சொத்தையை மட்டும் எடுத்தால் போதும். ஆனால், ஒட்டுவதற்குப் பல் தயாராக இருக்க வேண்டும்.

எப்படித் தயார் செய்வது? அமிலம் தடவி! "ஐயோ, குழந்தை பல்லுக்கு ஆசிடா?" என்று நானும் பதறினேன். பயப்பட ஒன்றுமில்லை. நூற்றுக்குச் சுமார் 37 பங்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த, பெரும்பாலும் நீல நிறக் களிம்பு அது. எனாமலில் 15 முதல் 30 விநாடி வைத்துவிட்டுத் தண்ணீரால் நன்றாக அலசிவிடுகிறார்கள். எனாமலில் கரைவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். தேய்ந்துபோன அம்மியைக் கொத்தி வைப்பதுபோல, கண்ணுக்குத் தெரியாத குழிகள் உண்டாகின்றன. காற்று ஊதிக் காய வைத்ததும், பளபளப்பாக இருந்த எனாமல் சுண்ணாம்பு அடித்தாற்போல வெளுத்துத் தெரிந்தது. பிறகு தடவுகிற ஒட்டுத் திரவம் அந்தக் குழிகளில் இறங்கி, நீல விளக்கொளி பட்டதும் வேர் பிடித்தாற்போல் இறுகிவிடுகிறது.

இந்த வழியைக் கண்டவர் அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரில் ஆராய்ச்சி செய்த மைக்கேல் புவோனகோர். இரும்பில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க முதலில் பாஸ்பாரிக் அமிலம் பூசுவார்கள். அதைப் பல்லில் செய்து பார்த்தால் என்ன என்று யோசித்து, 1955-ல் முடிவை வெளியிட்டார். சாதாரணப் பல்லில் வைத்ததைவிட, அமிலம் பட்ட பல்லில் வைத்த அக்ரிலிக் பல மடங்கு நாள் ஒட்டி நின்றது.

எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டின் வேறு மாதிரி. களிம்பை அலசியபின் அதை எலும்பாகக் காய வைத்தால் அதிலுள்ள நார்கள் படிந்துபோய், திரவம் உள்ளே இறங்காது. பிழிந்த துணியின் ஈரம் அதில் இருக்க வேண்டும். களிம்பு தனி, திரவம் தனி என்றில்லாமல் இரண்டு வேலையையும் ஒன்றே செய்கிற மருந்துகளும் இப்போது உண்டு. எதுவானாலும், எச்சில் படக்கூடாது என்பது மாறவே மாறாது. பட்டுவிட்டால் மறுபடி அலசி, தேவையானால் களிம்பும் வைத்து, முதலிலிருந்து வரவேண்டும். அதற்காகவே என் மகளுக்கு அந்தப் பல் மட்டும் வெளியே தெரியும்படி ஒரு ரப்பர் விரிப்பை மாட்டினார்கள். 1864-லேயே வந்துவிட்ட ஏற்பாடு அது. வாயைத் திறந்து வைக்கவே முடியாத சின்னக் குழந்தையானால், ஈரத்தைச் சற்றுத் தாங்கும் 'கிளாஸ் அயனோமர்' அடைப்பு வைப்பதுண்டாம்.

தர்மபுரியிலிருந்து வந்த எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு முன்பற்களில் பழுப்புக் கறை. ஊர்க் கிணற்றுத் தண்ணீரின் ஃபுளோரைடு செய்த வேலை. அந்த வட்டாரத்துக்காகத்தான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அப்படிப்பட்ட எனாமல் அமிலத்துக்கு எளிதில் மசியாது. மேல்பூச்சை லேசாகத் தேய்த்தோ, களிம்பைக் கூடுதல் நேரம் வைத்தோதான் ஒட்ட வேண்டும். ஆகவே, சிறு வயதில் எந்த ஊர்த் தண்ணீர் குடித்தோம் என்பதையும் டாக்டரிடம் சொல்வது நல்லது.

நம் கையில் இருப்பவை சில:

பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைத்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். அதிலுள்ள யூஜெனால் ரெசினைச் சரியாக இறுக விடாது.

கல்யாணம், விசேஷம் என்று பற்களை வெளுக்கச் செய்திருந்தால், அடைப்பதற்கு இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

குழந்தைக்குத் தூக்கம், பசி வராத நேரமாகப் பார்த்து அழைத்துப் போங்கள். "நடுவில் வாயை மூடக்கூடாது, கையைத் தூக்கிக் காட்டினால் டாக்டர் நிறுத்துவார்" என்று வீட்டிலேயே பழக்குங்கள்.

"சீக்கிரம் முடிங்க டாக்டர்" என்று அவசரப்படுத்தாதீர்கள். "எச்சில் படாமல் இருக்க என்ன செய்வீர்கள்?" என்று தைரியமாகக் கேளுங்கள்.

செலவுக்கு யோசிப்பவர்களுக்கும் வழியுண்டு. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால் எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி. பள்ளிக்கரணை, ரத்தினமங்கலம், காட்டாங்குளத்தூர்ப் பக்கங்களிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வதால் நேரம் கூடுதலாகும். ஆனால் இந்த வேலைக்கு வேண்டியதே அந்த நேரம்தானே!

இன்னொன்று: புதிதாக முளைத்த கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுவதற்கு முன்பே, இதே முறையில் அதன் மேல்குழிகளை ரெசின் பூச்சால் மூடிவிடலாம். உங்கள் வீட்டில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளை இருந்தால் இன்றைக்கு இரவு பல் தேய்க்கும்போது வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு புதுப்பல் எட்டிப் பார்க்கிறதா?