பாசியைத் தின்னும் பங்காளிகள்

குருத்துப் பூச்சியும் இலைச் சுருட்டுப் புழுவும் நெல்லை என்ன பாடுபடுத்தும் என்று சம்சாரிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த இரண்டும் பிறந்த அதே குடும்பத்தில் நெல் பக்கமே வராத பங்காளிகளும் உண்டு. ஈரப் பாறையிலும் மரத்தின் அடியிலும் மெத்தை மாதிரி படர்ந்திருக்கும் பாசிதான் அவற்றின் சாப்பாடு. பாசிக்குள்ளேயே பட்டு நூலால் குழாய் பின்னி, புழு அதற்குள் ஒளிந்துகொண்டு தின்னும். அந்துப்பூச்சியானதும் இரண்டு சென்டிமீட்டர் அகலம்கூட வந்தால் உண்டு. சாம்பலும் வெள்ளையும் கலந்த இறக்கையை ஒடுக்கி மரப்பட்டையில் உட்கார்ந்துவிட்டால், பட்டை எது பூச்சி எது என்று தெரியாது.

நியூசிலாந்தில் இந்தக் கூட்டம் அதிகம். ஒன்றிரண்டு மேய்ச்சல் புல்லையும் கடிக்கும், அதை மறைப்பதற்கில்லை. சில இனங்களோ தேடி அலைந்தாலும் அபூர்வமாகத்தான் அகப்படும்.

அப்படி அலைந்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் வெர்னான் ஹட்சன். 1867-ல் லண்டனில் பிறந்து, 1881-ல் நியூசிலாந்து போனவர். வெலிங்டன் தபால் ஆபீசில் குமாஸ்தா வேலை. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் மிச்சமிருக்கும் வெளிச்சம்தான் பூச்சி பிடிக்கும் நேரம். அது போதவில்லை. கோடையில் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தால் என்ன என்று 1895-ல் வெலிங்டன் தத்துவச் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். கேட்டவர்கள் கேலி செய்தார்கள். இன்று பல நாடுகள் கோடையில் கடிகாரத்தைத் திருப்பி வைக்கின்றன. அதை முதலில் கேட்டவர்களில் ஒருவர் பூச்சிக்காகக் கேட்டார் என்பது பலருக்குத் தெரியாது.

நியூசிலாந்தின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் பற்றிய அவருடைய பெரிய நூல் 1928-ல் வந்தது. படங்களையும் அவரே வரைந்தார்.

அவர் வலையோடு அலைந்த அதே காலத்தில்தான் அங்கே காடுகளை எரித்து ஆட்டு மேய்ச்சலுக்குப் புல் விதைத்துக்கொண்டிருந்தார்கள். குடியேறியவர்களுக்கும் பிழைப்பு வேண்டுமே! ஆனால் நிழல் போனால் ஈரம் போகும், ஈரம் போனால் பாசி காயும். மரத்தை வெட்டியவன் ஒரு பூச்சியைக்கூட அடிக்கவில்லை. புழுவின் சாப்பாடு மட்டும் போய்விட்டது.

ஹட்சன் 1946-ல் காலமானார். அவர் ஊசியில் குத்தி வைத்த பூச்சிகள் இன்றும் வெலிங்டனில் உள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.