காணாததும் கீறியதும்

2019 பெப்ரவரி 10, ஞாயிறு
டிசம்பர் 21 இரவு கொட்டிய மழைக்கு இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறபட்டன. கனகராயன் ஆறு கண்டாவளைக்குள் வந்தது. சித்திரக் கொப்பிகள் வைத்த பெட்டி கூழாகிவிட்டது.

இன்று புதுக் கொப்பியோடு வயற்கரைக்குப் போனேன். அருவி வெட்டு நடக்க வேண்டிய காலம். கிடப்பதோ வண்டல். மண்ணிறமும் இல்லை, சாம்பலும் இல்லை. என்னிடமுள்ள எந்த வர்ணத்தைக் கலந்தாலும் வரவில்லை.

பெப்ரவரி 12
பள்ளிக்கூடம். ஒன்றும் கீறவில்லை.

பெப்ரவரி 24
வரம்பில் இருந்து கீறிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் காணி அம்மா வந்து நின்றார்.

“மாஸ்டர், வெறுந்தரையை ஏன் கீறுறியள்? அதில என்ர சிவப்பியையும் கீறிவிடுங்கோவன். கயித்தை அவிட்டுவிட முந்தித் தண்ணி வந்திட்டுது.”

“நான் கண்ணால கண்டதைத்தான் அம்மா கீறுறது.”

“நீங்கள் காணாட்டி என்ன? நான் கண்டனான்.”

அதற்குப் பிறகு கொப்பியில் எதுவும் ஓடவில்லை. வெளியில் இருந்து கீறு, கண்டதைக் கீறு என்று பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுப்பது.

மார்ச் 4
சிவராத்திரி. கோயிலடியில் விடிய விடியப் பென்சில் சீவினேன்.

மார்ச் 10
பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை. ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த இடம், இப்போது சுவர்கள். றோட்டோரமாகவே இருந்து கீறினேன். இங்கே நல்ல கோணம் தேடிப் பற்றைக்குள் இறங்கும் பழக்கம் எவருக்கும் இல்லை. முகமாலையில் இன்னும் கண்ணிவெடி எடுக்கிறார்கள்.

மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், கொப்பியைப் புரட்டினார், போனில் படம் பிடித்தார். “வடிவா இருக்கு” என்றும் சொன்னார். பிறகு கீறிய கோடுகள் எல்லாம் கோணல்.

வீடு வரும்வரை ஓவியர் மாற்கு மாஸ்டரின் நினைவு. 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர், 2000இல் மன்னாரில் காலமானார். இடையில் எத்தனையோ படங்கள் தொலைந்தன. என் பெட்டி எம்மாத்திரம்! அப்படி நினைத்தும் மனம் ஆறவில்லை.

மார்ச் 17
புளியம்பொக்கணைப் பக்கம். வேம்பு துளிர்த்திருக்கிறது. எங்கள் வசந்தம் காலை பத்து மணியோடு சரி. அதன்பின் வர்ணம் தூரிகையிலேயே காய்ந்துவிடும். ஆனாலும் நல்ல நாள். மூன்று படம்!

ஏப்ரல் 7
வண்டல் நிறம் ஒருவாறு பிடிபட்டது. வரம்போரம் சிவப்பாய் ஒன்று விழுந்திருக்கிறது. புற்றென்று வைத்துக்கொள்ளலாம்.

அம்மா பார்த்தார். “கொம்பு இவ்வளவு நீளமில்லை” என்றார்.

ஏப்ரல் 23
ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமைக் குண்டுகளுக்குப் பிறகு சந்திக்குச் சந்தி பை சோதனை. பென்சில் சீவும் கத்தியை வீட்டில் வைத்துவிட்டேன். வெளியே போய்க் கீறுவது இனி எப்போதென்று தெரியாது. அம்மா படத்தைக் கேட்டு ஆளனுப்பியிருக்கிறார். கொம்பைத் திருத்தித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.