ஊசி குத்தினா போட்டோவுக்கு வலிக்குமா?

உங்க பர்ஸ்ல அம்மா, அப்பா போட்டோ இருக்கா? வெளியே எடுங்க. அந்த முகத்துல, கண்ணுக்குப் பக்கத்துல ஒரு ஊசியால குத்துங்க பார்ப்போம்! என்ன பாஸ், கை வரலையா? வெறும் பேப்பர்தானே... அப்புறம் ஏன் உங்க முகம் சுருங்குது?

போன வாரம் ஹாஸ்டல்ல, லேப்டாப் முன்னாடி எனக்கும் இதே கதிதான். இத்தாலிக் கலைஞர் மௌரிசியோ அன்சேரியின் படங்களைப் பார்த்துட்டிருந்தேன். யார், எவர்னே தெரியாதவங்களோட பழைய போட்டோக்கள் மேல கலர் நூலால எம்பிராய்டரி போடுறவர் இவர். துணியில தப்பாப் போட்ட தையலைப் பிரிச்சா ஓட்டை மறைஞ்சிடும். போட்டோ பேப்பர்ல மறையாது! என் கை தானா என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துச்சு. எட்டிப் பார்த்த ரூம்மேட், 'டேய், மூடுடா!'ன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டான்.

2005-ல் இத்தாலியில் ஓர் ஆராய்ச்சி. ஒரு கையில ஊசி இறங்குற வீடியோவைப் போட்டுக் காட்டினாங்க. பார்த்துட்டிருந்தவங்க கையிலயும் அதே தசைக்கு மூளையிலிருந்து போற சிக்னல் குறைஞ்சுது! தக்காளியில ஊசி குத்தினப்போ அப்படி எதுவும் நடக்கலை. போட்டோவுல இருக்கிற முகத்தையும் நம்ம உடம்பு தக்காளி லிஸ்ட்ல சேர்க்கிறதில்லைபோல.

ஆனா, எல்லா ஊசியும் குத்துறதில்லை. ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டின் கடற்கரை ஊர் கிராண்ட் பஸாம். 2016 மார்ச் 13 அன்று தீவிரவாதிகள் புகுந்து சுட்டதில் பலர் இறந்துபோனாங்க. மூணு வாரம் கழிச்சு அங்கே போன ஜோவானா சூமாலி, தன் ஐபோன்ல படம் எடுத்தாங்க. தனியா நடக்கிறவங்க, சும்மா நிக்கிறவங்க... அதையெல்லாம் துணியில பிரின்ட் போட்டு, தன் கையாலயே கலர் நூல் கோத்துத் தைச்சாங்க. 2019-ல் 'பிரீ பிக்தே' விருதும் வாங்கினாங்க. அதை வாங்கின முதல் ஆப்பிரிக்கர் அவங்கதான்.

அந்தப் படங்களைச் சட்டுனு தாண்டிப் போக முடியலை. கண்ணு ஒவ்வொரு தையலா ஊர்ந்து போகுது. மூச்சு மெதுவாகுது. தொண்டையில என்னவோ அடைக்குது. படங்களின் பெயர் 'சா வா அலே'. அர்த்தம்... 'சரியாயிடும்!' அந்த ஊர்ல எந்தத் துக்கத்துக்கும் இதைச் சொல்லித்தான் பேச்சை முடிப்பாங்களாம்.

சுருக்குனு குத்தினது அப்போதான். அப்பா இறந்து ரெண்டு வருஷமாச்சு. போன்ல அம்மா குரல் உடையும்போதெல்லாம், 'சரியாயிடும்மா... கிளாஸ் இருக்கு'ன்னு கட் பண்ணியிருக்கேன். பாதி நாள் கிளாஸே இருக்காது.

அன்னிக்கு ராத்திரி போன் போட்டேன். 'அப்பாவைப் பத்தி ஏதாச்சும் சொல்லும்மா' என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் நாற்பது நிமிஷம் பேசினாங்க. அழுதாங்க. நடுவுல ஒரு தடவை சிரிச்சாங்ககூட! அந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் சொல்லவே இல்லை.

பர்ஸ்ல இருக்கிற போட்டோவுல ஊசியெல்லாம் குத்த வேணாம். ஒரு தையல் போடுற நேரம் அந்த முகத்தைப் பாருங்க பாஸ், போதும்!