பின்னிணைப்பில் இருந்த கடிதம்

நான் மருத்துவம் படித்தவன் அல்ல. அந்தத் தகுதிக்காகவே என்னைக் கமிட்டியில் சேர்த்தார்கள். கீழ்க்கட்டளையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கு ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் எத்திக்ஸ் கமிட்டியில் என்ன வேலை என்று உறவுக்காரர்கள் கேட்டதுண்டு. 2019 மார்ச் 19 அன்று வெளியான மருந்துப் பரிசோதனை விதிகள்தான் அதற்குப் பதில். மனிதர்களுக்குப் புதுமருந்து கொடுத்துப் பார்ப்பதென்றால் குறைந்தது ஏழு பேர் கொண்ட கமிட்டி அதற்கு அனுமதி தர வேண்டும். அவர்களில் பாதிப் பேராவது வெளியாட்கள். சட்டம் தெரிந்த ஒருவர், பெண் ஒருவர், மருத்துவம் அறியாத சாமானியர் ஒருவர் கட்டாயம் உண்டு. சாமானியர் வரவில்லை என்றால் கோரம் இல்லை. இத்தனை டாக்டர்கள் கூடியிருந்தும் என் நாற்காலி காலியாக இருந்தால் எதையும் பரிசீலிக்க முடியாது. இதில் எனக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அந்த நாற்காலியில் நான் செய்த வேலை ஒற்றுப்பிழை திருத்துவது. சம்மதப் படிவத்தின் தமிழ்ப் பிரதி வரும். ‘மருந்தை பற்றி’ என்று இருந்தால் ஒரு ‘ப்’ போடுவேன். ‘பங்கேற்ப்பாளர்’ என்று இருந்தால் ஒரு ‘ப்’ எடுப்பேன். “ஐயா இருக்கிறவரைக்கும் தமிழைப் பற்றிக் கவலையில்லை” என்பார் தலைவர். வடை, காபி, கிளம்பும்போது ஒரு கவர். படிவத்தில் இருக்கும் விஷயம் சரியா என்று கேட்க வேண்டியவனும் நான்தான் என்பது வசதியாக மறந்துபோயிற்று.

பிறகு அந்த ஃபைல் வந்தது. ரத்தக் கொதிப்புக்கான புதிய மாத்திரை ஒன்றின் பரிசோதனை. அதில் சேர்கிறவர்கள் வழக்கமாகச் சாப்பிடும் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். பிறகு ஒரு பிரிவினருக்குப் புதுமருந்து, இன்னொரு பிரிவினருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. பங்கேற்ற ஒருவர் பக்கவாதத்தில் விழுந்தார். இடது கை சரியாக வரவில்லை. குடும்பம் இழப்பீடு கேட்டது. கமிட்டி 30 நாளுக்குள் கருத்துச் சொல்ல வேண்டும்.

பரிசோதனையை நடத்திய டாக்டரின் அறிக்கை தெளிவாக இருந்தது. பல வருடப் பிரஷர், பீடிப் பழக்கம், கூடுதல் கொழுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, ரகசியக் குறியீட்டைத் திறந்து பார்த்ததில் அவருக்குப் போனது வெற்று மாத்திரை. மருந்தே உள்ளே போகாதபோது மருந்தால் எப்படி வரும்? எல்லோரும் தலையாட்டினோம். மறுக்க முடியாத வாதம் போலத்தான் இருந்தது.

ஃபைலின் கடைசியில், பின்னிணைப்பாக, கோடு போட்ட நோட்டுத் தாளில் அவர் மனைவி எழுதிய கடிதம் இருந்தது. “வழக்கமா போடுற மாத்திரைய நிறுத்த சொன்னாங்க. அதுல இருந்து தலவலி தலவலின்னே இருந்தார். போன் பண்ணோம். அடுத்த விசிட்டுல பார்க்கலாம்னு சொன்னாங்க.” அதோடு மெடிக்கல் ஷாப் பில்கள் பின் போட்டிருந்தன. மாதம் தவறாமல் வாங்கியவை, பரிசோதனையில் சேர்ந்த மாதத்தோடு நின்றுவிட்டன. ஃபைலின் முன்பக்கச் சுருக்கத்திலோ, ‘பரிசோதனை மருந்தே காரணம் என்று குடும்பத்தினர் கருதுகிறார்கள்’ என்று ஒரே வரி. அந்த அம்மா அப்படி எழுதவே இல்லை. அவர் சொன்னது நிறுத்திய மாத்திரையைப் பற்றி.

அந்தக் கடிதத்தை நான் படித்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், முதலில் என் கண்ணில் பட்டவை எழுத்துப்பிழைகள். பிறகு விஷயமும் புரிந்தது. எந்தெந்தக் காரணத்தால் வரும் பாதிப்பு பரிசோதனையால் வந்ததாகும் என்று அந்த விதிகளிலேயே ஒரு பட்டியல் இருக்கிறது. மருந்தின் பக்கவிளைவு அதில் ஒன்றுதான். வெற்று மாத்திரை கொடுக்கும் பரிசோதனையில், கிடைக்கக்கூடிய வழக்கமான சிகிச்சையைத் தராமல் விட்டதால் வரும் பாதிப்பும் அதில் சேர்த்திதான். ஆக, எங்களை அசத்திய வெற்று மாத்திரை வாதம் உண்மையில் அந்த அம்மாவின் பக்கம் பேசியது. விதிகளின் அச்சுப்பிரதி அன்று என் பையிலேயே இருந்தது.

“ஐயா, நீங்க ஏதாவது சொல்றீங்களா?” என்று தலைவர் கேட்டார். “டாக்டருங்க பார்த்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை, பணம் காட்டவில்லை. நரம்பியல் டாக்டர் ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டு விளக்கிய பிறகு, நோட்டுத் தாளைத் தூக்கிக் காட்டக் கூச்சமாக இருந்தது. இது நாகரிகமான காரணம். இன்னொன்றும் உண்டு. அந்த மருத்துவமனையில்தான் என் மனைவிக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. பில்லில் தள்ளுபடி தந்திருந்தார்கள். அடுத்த கண் பாக்கி இருந்தது. கமிட்டி சொல்வது வெறும் கருத்து, முடிவெடுப்பது டெல்லியில் இருக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் டெல்லியில் இருப்பவர் அந்தக் கையைப் பார்க்கப் போவதில்லை. அவர் முன் இருப்பவை காகிதங்கள். அதில் ஒன்றில் என் கையெழுத்து. பரிசோதனையால் வந்த பாதிப்பு இல்லை என்று நிலைநாட்டப்படும் வரைதான் இலவச சிகிச்சை என்கிறது விதி. பிசியோதெரபியும் நின்றுபோனது.

இந்த ஃபைல் வருவதற்கு முன்னால், 2020 நவம்பர் கடைசியில், சென்னையில் ஒரு விவகாரம் பேச்சாக இருந்தது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் அக்டோபர் 1 அன்று கோவிஷீல்டு பரிசோதனைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட 40 வயதுக்காரர், மூளை பாதிக்கப்பட்டதாகச் சொல்லி 5 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். சீரம் நிறுவனம் அதை மறுத்து, 100 கோடிக்கு மேல் நஷ்டஈடு கேட்போம் என்றது. பரிசோதனை டாக்டர், பாதுகாப்புக் கண்காணிப்புக் குழு, எத்திக்ஸ் கமிட்டி எல்லோருமே தடுப்பூசிக்குச் சம்பந்தமில்லை என்று தனித்தனியே சொல்லிவிட்டதாக நிறுவனம் அறிவித்தது. மேடவாக்கம் மெயின் ரோட்டு டீக்கடையில் நின்று, “அஞ்சு கோடியா? பேராசை” என்று நான் தீர்ப்புச் சொன்னேன். அந்தப் பாதிப்பு தடுப்பூசியால் வந்ததா என்பது வேறு விஷயம். ஒரு காகிதத்தையும் படிக்காமல் பேசினேன். இப்போது தொகை எனக்குத் தெரியும். பரிசோதனை மருந்தால் உயிரே போனாலும் விதிகளில் உள்ள சூத்திரப்படி அதிகபட்சம் சுமார் 73.6 லட்சம்; ஆறு மாதம்கூடத் தாங்கமாட்டார் என்ற நிலையில் சேர்ந்த முதிய நோயாளிக்கு 4 லட்சம். நோய் வந்து குணமாகிவிட்டால், ஆஸ்பத்திரியில் இருந்த நாளுக்கு டெல்லியின் சாதாரணத் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியைப் போல இரண்டு மடங்கு. அதையும் ‘சம்பந்தம் உண்டு’ என்று எழுதினால்தான் தருவார்கள்.

அப்படி எழுதுவது எத்தனை அபூர்வம் என்பதற்கு அரசே உச்ச நீதிமன்றத்தில் கொடுத்த கணக்கு இருக்கிறது. 2005 முதல் 2012 வரை பரிசோதனைகளின்போது இறந்தவர்கள் 2,644 பேர். பரிசோதனையால் இறந்ததாக ஒப்புக்கொள்ளப்பட்டவர்கள் 80 பேர். பலர் முற்றிய நோயோடு சேர்ந்தவர்கள், அதை மறுக்கவில்லை. ஆனாலும் மீதி 2,564 பேரின் ஃபைல்களில் எத்தனை நோட்டுத் தாள்கள் பின்னிணைப்பிலேயே கிடந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். இந்தூரைச் சேர்ந்த ஸ்வாஸ்த்ய அதிகார் மஞ்ச் தொடுத்த வழக்குக்குப் பிறகு, 2013 ஜனவரியில்தான் இழப்பீட்டுக்கென்று விதியே வந்தது. சாமானியன் சாமானியனுக்காகப் பேசுவான் என்று நம்பி எனக்கும் கமிட்டியில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகும் நான் விலகவில்லை. பதவிக்காலம் முடியும்வரை போனேன், கவர் வாங்கினேன், அடுத்த கண் ஆபரேஷனும் முடிந்தது. அதற்குப் பிறகுதான் டெல்லிக்கு எழுதினேன்: கடிதத்தைப் படித்தேன், அன்று பேசவில்லை, அந்தக் கருத்தில் இப்போது எனக்கு உடன்பாடில்லை என்று. பதில் வரவில்லை. காலம் கடந்து எழுதியவன் பதிலை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம், பல்லாவரம் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் வங்கிக்காரர்களையும் இந்த வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டால் போங்கள். ஆனால் அந்த மருத்துவமனையில் உங்கள் வீட்டாருக்குத் தள்ளுபடி வாங்காதீர்கள். ஃபைலைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். உடன்பாடில்லை என்றால் அதை மினிட்ஸில் எழுதச் சொல்லி, எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். பரிசோதனையில் சேர்கிறவர்களுக்கும் ஒன்று: சம்மதப் படிவத்தின் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும், அதில் எத்திக்ஸ் கமிட்டித் தலைவரின் தொடர்பு விவரம் இருக்கும். மருந்துக்கடை பில்லைத் தூக்கி எறியாதீர்கள்.