ஓர் உணவு மேசையில் அறுபதினாயிரம் பேர்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆகாரம் முடிந்ததும் நமது இல்லத்து உணவு மேசை ஜெர்மனி தேசத்துக்குப் போய்விட்டது. மேசையின்மேல் பழைய பச்சைப் போர்வை ஒன்று விரிக்கப்பட்டது. அதனடியில் நமது தணிக்கை விதிப் புத்தகங்கள் நுழைந்து மேடுகள் ஆயின. ஓரத்தில் ஒரு நீல நாடா ஸாலே நதியாக ஓடிற்று. நடுவில் நான்கு தீப்பெட்டிகள். அவைதாம் ஹாஸன்ஹவுஸன் கிராமம் என்று நம் மகன் அறிவித்தான். அவன் மேற்படிப்புக்காக நாகபுரியை விட்டுக் கரக்பூர் செல்ல ஆறு வாரமே இருந்தது. ஆகையால் இல்லத்தரசியும் மறுப்புக் கூறாமல், மதியச் சாப்பாட்டைத் தரையில் பரிமாறுவதாகச் சொல்லிவிட்டார்.

நெப்போலியன் காலத்துப் போர்களை மேசைமீது மறுபடி நடத்திப் பார்க்கும் ஆட்டம் இது. ஈயப் பொம்மைகள் விலை அதிகமாதலால், மகன் அட்டையை வெட்டி வண்ணம் தீட்டி வைத்திருந்தான். ஓர் அட்டை ஆயிரம் வீரர். நீல அட்டைகள் 27, பிரெஞ்சுக்காரர். எஞ்சிய 60 அட்டைகள் பிரஷ்யர். எண்ணிப் பார்த்த நாம், "இது என்னடா அநியாயம்! அட்டை போதவில்லையா?" என்றோம்.

"போர் அப்படித்தான் நடந்தது, அப்பா" என்றான்.

1806 அக்டோபர் 14. நெப்போலியன் யேனாவில் பிரஷ்யரின் பிரதான சேனையோடு தானே பொருதுவதாக எண்ணிக்கொண்டிருந்தான். பிரதான சேனையோ சுமார் 20 கிலோமீட்டர் வடக்கே, அவர்ஷ்டெட் என்னும் ஊருக்கருகில், மார்ஷல் தவூவின் ஒற்றைப் படைப்பிரிவை மூடுபனியில் எதிர்ப்பட்டது. குடின், பிரியான், மொரான் ஆகிய மூவரின் டிவிஷன்களும் 44 பீரங்கிகளுமே தவூவிடம் இருந்தன. அவையும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஆற்றுப் பாலத்தைக் கடந்து மேலேறி வந்தன. மாலைக்குள் வென்றவன் தவூ. செய்தி கேட்ட நெப்போலியன், உங்கள் மார்ஷலுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது போலும் என்று கேலி செய்தானாம். தவூ மூக்குக்கண்ணாடி அணிபவன்.

சமமில்லாத ஆட்டம் நமக்குப் புதிதன்று. பாட்டியாரோடு திண்ணையில் ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்கு, மூன்று புலிக்கும் பதினைந்து ஆட்டுக்கும் வெற்றியின் பொருளே வேறு என்பது தெரியும். புலி வெட்டவேண்டும், ஆடு அடைக்கவேண்டும். மகனின் விதியும் அவ்வாறே. பன்னிரண்டு சுற்று முடியும்போது தீப்பெட்டிகள் நீலத்திடம் இருந்தால் பிரெஞ்சுக்கு வெற்றி.

"நீங்களே பிரஷ்யாவை எடுத்துக்கொள்ளுங்கள், அப்பா" என்றான். பெருஞ்சேனையைத் தந்தைக்குக் கொடுக்கும் மரியாதை என்று நாம் மகிழ்ந்தோம்.

பிரஷ்யத் தளபதி பிரன்ஸ்விக் கோமகன் முன்னணியில் நின்று கண்களில் குண்டுபட்டு வீழ்ந்தான் என்பதும், அவனுக்குப் பதில் ஒருவரை அரசர் உடனே நியமிக்கவில்லை என்பதும் மகன் சொல்லித் தெரிந்திருந்தோம். அந்தத் தவற்றை நாம் செய்வோமா? கோமகனை மேசையின் கோடியில், ஊறுகாய் ஜாடிக்கருகில் பத்திரமாக நிறுத்தினோம். இங்கேதான் வினை பிறந்தது. கட்டளையைச் சீட்டில் எழுதவேண்டும். தளபதிக்கும் படைக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அது அடுத்த சுற்றில்தான் போய்ச் சேரும். இரண்டு முழமானால் அதற்கும் அடுத்த சுற்று. நாம் "இடப்புறம் செல்க" என்று எழுதியது சென்றடைந்தபோது இடப்புறத்தில் மொரான் வந்து நின்றான். அலுவலகக் கோப்புகளோடு முப்பதாண்டு வாழ்ந்த நமக்கு இது புரியாமல் போனது வெட்கமே.

புளூஹரின் குதிரைப்படையைச் சதுரமாக அணிவகுத்த காலாட்களின்மேல் ஏவினோம். பகடை கைவிட்டது; 1806லும் அது பலிக்கவில்லை. ஒவ்வோர் அட்டையாக மூடிக்குள் போயிற்று. அன்று உண்மையில் பிரெஞ்சுப் பக்கத்தில் மட்டுமே சுமார் 7,000 பேர் மாண்டும் காயமுற்றும் போயினர், அதாவது நாலில் ஒரு பங்குக்கு மேல். அது நினைவுக்கு வந்தபோது பகடை சற்றுக் கனத்தது.

பன்னிரண்டாம் சுற்றில் தீப்பெட்டிகள் நீலத்திடமே இருந்தன. மகன் மேசையின் மறுகோடியைச் சுட்டி, "இவர்களை ஏன் இறக்கவேயில்லை?" என்றான். கால்க்ராய்த்தின் கீழிருந்த இருப்புப்படை! இரண்டு முழு டிவிஷன்கள், ஓர் அட்டையும் கசங்காமல் நின்றன. கடைசி நேரத்துக்கென்று வைத்திருந்தோம்.

"பெட்டியில் இருக்கும் பவானி ஜமக்காளம் மாதிரி" என்றார் இல்லத்தரசி. ஊரில் வீடு கட்டியபின் கூடத்தில் விரிக்கவென்று பதினொரு ஆண்டுகளுக்குமுன் வாங்கியது அது. வீட்டுக்கு இன்னும் அஸ்திவாரம் இல்லை.

நமக்கு ஆறுதலாக மகன் ஒன்று சொன்னான். உண்மைப் போரிலும் அந்த டிவிஷன்கள் பெரும்பாலும் சும்மாவே நின்றனவாம். அன்று களத்திலிருந்த அதே அரசர் மூன்றாம் பிரடரிக் வில்லியமிடம்தான் 1812ல் ரைஸ்விட்ஸ் என்னும் பிரபு தாம் செய்த போர் ஆட்டத்தைக் காட்டினாராம். அவருடைய மகன் அதைத் திருத்தி 1824ல் விதிநூலாக வெளியிட்டாராம். பிரஷ்ய அதிகாரிகள் அதில் பயின்றார்கள். பிறகு தயங்கித் தயங்கி, "நீங்கள் புதியவர் என்றுதான் பெரிய படையைக் கொடுத்தேன்" என்றும் சொன்னான். மரியாதை என்று நாம் எண்ணியது சலுகை!

அவன் புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு, தவூ நமக்கே வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். ஏழு சுற்றுவரை தீப்பெட்டிகளை விடவில்லை. எட்டாம் சுற்றில் அவன் இருப்புப்படை இரண்டையும் ஒருசேர இறக்கினான். பத்தாம் சுற்றில் நாம் ஆற்றோரம் இருந்தோம்.

மறுநாள் ரயிலடியில் கூலியாள் சாமான்களை இறக்கியபோதுதான் கவனித்தோம். மகனின் படுக்கையைச் சுற்றிக் கட்டியிருந்தது அந்தப் பவானி ஜமக்காளம். நாம் அதைப் பார்த்தோம். இல்லத்தரசி நம்மைப் பார்த்தார். வண்டி வந்துவிட்டது.