கடதாசிப் பூவும் மின்குமிழும்

பூவும் விளக்கும் சேர்ந்திராத விழாவென்று ஒன்று தமிழர் வாழ்விலே அரிது. பூசையறையிலும் மணவறையிலும், மறைந்தவரின் படத்தின் முன்னும் இவ்விரண்டும் அருகருகே இருக்கின்றன. ஆனால், அருகருகே இருப்பது வேறு. ஒன்றினுள் ஒன்று புகுந்து நிற்பது வேறு. கொடியிலிருந்து பறித்த பூவின் நடுவிலே சுடரை வைத்தால் பூ கருகிவிடும். ஒளி விடுகின்ற பூவைக் காணவேண்டும் என்ற ஆசை நிறைவேறுவதற்கு மனிதன் பூவையும் தானே செய்யவேண்டியிருந்தது. சுடரையும் தானே செய்யவேண்டியிருந்தது. கடதாசியில் இதழ் வெட்டி, நடுவிலே சிறு மின்குமிழைப் பொருத்தி, வாசலிலும் பந்தலிலும் தொங்கவிடப்படும் மாலை அந்த ஆசையின் விளைவாகும்.

இலங்கையிலே இத்தகைய கைவேலைக்கு ஆண்டு முழுவதும் இடமுண்டு. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே ஏறும் பட்டங்கள். வைகாசிப் பூரணையிலே சிங்கள ஊர்களில் வீடுதோறும் தொங்கும் வெசாக் கூடுகள். தேர்த் திருவிழாவுக்கு முதல்நாள் கோயில்களிலே இழுக்கப்படும் சப்பறம். பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நடைபெறும் வாணி விழா. நத்தாருக்குக் கட்டப்படும் பாலன் குடிலும் நட்சத்திரக் கூடும் என இவை தொடர்ந்து வருகின்றன. வெசாக் பூரணை 1885 ஆம் ஆண்டிலே இந்நாட்டின் பொது விடுமுறை நாளாயிற்று. சமயம் வேறு, மொழி வேறு. மூலப்பொருள்களோ பெரிதும் மாறுவதில்லை. ஈர்க்கு, மூங்கில், நூல், பசை, நிறக்கடதாசி, வெளிச்சம் என்பனவே அவை. ஒரே கடையில் ஒரே சுருளிலிருந்து வெட்டி விற்கப்படும் சிவப்புக் கடதாசி மே மாதத்திலே கூடாகிறது, டிசம்பரிலே பூவாகிறது. இந்நாட்டு மக்கள் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சோடனை என்று யாழ்ப்பாணத்தார் கூறும் இவ்வேலை பார்ப்பவர் நினைப்பதுபோல எளிதன்று. பூச்செய்வதற்குச் சிறந்தது சுருக்கங்களுடைய கிறேப் கடதாசி. அதன் சுருக்கங்கள் ஒரே திசையிலே ஓடுகின்றன. இதழை வெட்டும்போது அச்சுருக்கங்கள் இதழின் அடியிலிருந்து நுனிவரை செல்லுமாறு வெட்டவேண்டும். அவ்வாறு வெட்டிய இதழை இரு பெருவிரல்களுக்கும் இடையிலே பிடித்து மெதுவாக அகலவாட்டில் இழுத்தால் நடுப்பாகம் குழிந்து, உயிர்ப்பூவின் இதழைப்போல வளைந்து நிற்கும். குறுக்காக வெட்டிவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் அது வெறுங் கடதாசித் துண்டாகவே இருக்கும். விளிம்பை ஈர்க்கிலே சுற்றி எடுத்தால் ரோசாவின் மடிப்பு வந்துவிடும். இதழ்களை ஒன்றன்மேல் ஒன்று சிறிது விலகியிருக்குமாறு அடுக்கி, அடியை நூலாலே இறுக்கி, பச்சைக் கடதாசியைச் சுற்றி முடிக்கவேண்டும். கோதுமை மாவைக் காய்ச்சிய பசை போதுமானது. பூச்சி அரிக்காதிருக்கச் சிறிது துருசு சேர்ப்பதும் உண்டு. பூவொன்றுக்கு எட்டு இதழ் என்று கொண்டாலும் 40 பூக்களுள்ள மாலைக்கு 320 இதழ்கள் வேண்டும். ஒவ்வொன்றும் ஒருமுறை வெட்டப்பட்டு, ஒருமுறை இழுக்கப்பட்டு, ஒருமுறை சுருட்டப்படுகிறது. ஏறத்தாழ ஆயிரம் அசைவுகள். அவ்வளவும் மூன்று நாள்களுக்கு.

ஒளியின் வரலாறு இதைவிடச் சுருக்கமானது. எடிசனின் கூட்டாளியான எட்வேட் ஜோன்சன் 1882 ஆம் ஆண்டு டிசம்பரிலே நியூயோர்க்கிலுள்ள தமது வீட்டு நத்தார் மரத்திலே சிவப்பும் வெள்ளையும் நீலமுமான 80 சிறு குமிழ்களை ஒளிரச் செய்தார். அவை கையினாலேயே கம்பியில் இணைக்கப்பட்டவை. பின்னர் நம் நாட்டு இளைஞர்கள் மின்சூள் குமிழ்களைக் கொண்டு செய்த மாலைகளும் அவ்வாறே கைவேலையாகவே இருந்தன. அவர்கள் கையாண்ட கணக்கு பாடசாலைப் பௌதிகவியலிலே உள்ளதுதான். வீட்டு மின்வழங்கல் 230 வோல்ற்று. குமிழொன்று தாங்குவது 6 வோல்ற்று. ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் 40 குமிழ்களைக் கோத்தால் ஒவ்வொன்றுக்கும் 6 வோல்ற்றுக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். ஆயுளும் சற்று நீளும். மாலைக்குப் பூக்கள் எத்தனை என்பதைத் தீர்மானித்தது அழகுணர்ச்சியன்று, இந்தப் பிரித்தற் கணக்கே.

தொடரிணைப்புக்கு ஒரு குணமுண்டு. ஒரு குமிழ் எரிந்துபோனால் மாலை முழுவதும் இருண்டுவிடும். எது பழுதானது என்பதைக் கண்டுபிடிக்க நல்ல குமிழொன்றைக் கையில் எடுத்து ஒவ்வொரு பூவாக மாற்றி மாற்றிப் பார்க்கவேண்டும். பொறுமையற்றவர்கள் பழுதான குமிழைக் கழற்றிவிட்டு இருமுனைகளையும் முறுக்கி இணைத்துவிடுவர். அப்பொழுது எஞ்சியவை அதன் பங்கையும் சுமக்கின்றன. சற்றுப் பிரகாசமாக ஒளிர்கின்றன. சற்று விரைவாக மடிகின்றன. இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. குமிழ் கழற்றப்பட்ட இடத்திலே, அது தாங்கிய 6 வோல்ற்று மாத்திரமன்றி 230 வோல்ற்றும் முழுமையாக வந்து நிற்கும். விளையாட்டுப்போலத் தோன்றும் மாலை உயிர்குடிக்க வல்லது. "தம்பி, பிளக்கைக் கழற்றிப்போட்டுத் தொடு" என்று உள்ளேயிருந்து வரும் தாயின் குரல் அந்நாளைய நத்தார் மாதத்தின் ஒலிகளுள் ஒன்று.

கடதாசிக்கு மழையும் பகை, நெருப்பும் பகை. வடக்கிலும் கிழக்கிலும் நத்தார் வருவது வடகீழ்ப் பருவமழைக் காலத்திலாகும். கிறேப் கடதாசியிலே ஒரு துளி நீர் பட்டால் சாயம் கரைந்து வெள்ளைச் சுவரிலே சிவப்புக் கோடாக இறங்கும். அதைத் தடுக்க இதழ்களை உருக்கிய மெழுகிலே தோய்த்தெடுப்போர் உளர். மெழுகு பூவை மழையிலிருந்து காக்கும்; ஆனால் அதே மெழுகு நெருப்பை வரவேற்கும். மின்னிழைக் குமிழோ தான் பெறும் சக்தியிலே பத்திலொரு பங்குக்கும் குறைவானதையே ஒளியாக்குகிறது, மிகுதி வெப்பமாகிறது. ஆகவே இதழ் குமிழைத் தொடாமல் விலகியிருக்கவேண்டும். ஆனால் அதன் ஒளியை ஏற்கும் அளவுக்கு அண்மையிலும் இருக்கவேண்டும். பூவின் நடுவிலே இடப்படும் துளை எவ்வளவு அகலமாக இருக்கவேண்டும் என்பதிலேதான் இக்கலையின் நுட்பம் முழுவதும் அடங்கியிருந்தது. துளை சிறிதானால் பூ கருகும். பெரிதானால் குமிழ் நழுவும்.

இவ்வேலையைத் தனியொருவர் செய்வதில்லை என்பதும் கருதத்தக்கது. கத்தரிக்கோல் வீட்டின் மூத்த பெண்ணிடம் இருக்கும். இழுப்பதும் சுருட்டுவதும் அக்காமாரின் பொறுப்பு. நூல் சுற்றுவது சிறுவர்க்கு. கம்பி இணைப்பது அண்ணனுக்கு. பார்வை குன்றிய பாட்டனுக்கும் முடிந்த பூக்களைப் பத்துப் பத்தாக எண்ணி வைக்கும் வேலை உண்டு. எவரும் எவருக்கும் பாடம் நடத்துவதில்லை. ஆயினும் ஒரு மாத மாலைப்பொழுதுகளிலே ஒரு தலைமுறையின் விரல்களிலிருந்து மற்றத் தலைமுறையின் விரல்களுக்கு ஒன்று இறங்கிவிடுகிறது. மாலை கட்டி முடிந்ததும் அதைச் செய்தவர் இன்னார் என்று எவரும் எழுதி வைப்பதில்லை. பெயரில்லாத கலைகளுள் இதுவும் ஒன்று.

1990 ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தது. மின்கலங்கள் குடாநாட்டுக்குள் வருவதற்குத் தடையிருந்தது, மண்ணெண்ணெய் அரிதாயிற்று. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். ஜாம் போத்தலுக்குள்ளே எரியும் சிறு திரியின் வெளிச்சத்திலே மாணவர் படித்தனர். அக்காலத்திலே கரையோரக் கிராமம் ஒன்றில் ஒரு மூதாட்டி நத்தாருக்கு மாலை கட்டுவதை மாத்திரம் நிறுத்தவில்லை. நிறக்கடதாசி கிடைக்கவில்லை, பழைய நாட்காட்டித் தாள்களையும், அப்பியாசக் கொப்பிகளின் எழுதாத ஒற்றைகளை மஞ்சளிலே தோய்த்து உலர்த்தியும் பயன்படுத்தினார். குமிழ்கோத்த கம்பி பெட்டியின் அடியிலே சுருண்டு கிடந்தது. வெறும் நூலிலே பூக்களைக் கோத்தார். ஆயினும் ஒவ்வொரு பூவின் நடுவிலும், பழைய அளவிலேயே, துளையை இட்டுவந்தார். மின்குமிழ் எரிவதைக் கண்டறியாத பேத்தி ஒருநாள், "அம்மம்மா, ஏன் எல்லாப் பூவிலையும் ஓட்டை இருக்கு?" என்று கேட்டாள். "அது வெளிச்சம் வந்து இருக்கிற இடம், ராசாத்தி" என்றார் அவர். அதற்குமேல் விளக்கம் கூறவில்லை, கத்தரிக்கோலும் நிற்கவில்லை.

கையின் நினைவு என்பது இதுதான். பயன் அற்றுப்போன பின்னரும் வடிவம் பயனுக்காகக் காத்திருந்தது. பழக்கத்தின் பிடிவாதம் என்று இதனைத் தள்ளிவிடலாம். ஆனால் அத்துளையை அடைத்துவிட்டுப் பூச்செய்திருந்தால், இருள் நிலையானது என்பதை அவ்வீடு ஏற்றுக்கொண்டதாகியிருக்கும்.

இன்று அத்துளையை நிரப்புவதற்கு முன்னெப்போதும் இல்லாத நல்ல ஒளி வந்துள்ளது. ஒளிகாலும் இருவாயி 1962 ஆம் ஆண்டிலே சிவப்பு ஒளியைத் தந்தது. நீல ஒளியைப் பிரகாசமாகத் தரும் இருவாயி 1990களிலேதான் கைகூடிற்று. அதனைச் சாதித்த அக்கசாக்கி, அமானோ, நக்கமுரா ஆகிய மூவருக்கும் 2014 ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. நீலம் கைவந்தபின் வெள்ளையும் கைவந்தது. மாலையிலே பொருத்தப்படும் இருவாயி ஒன்று ஒரு வாற்றிலே மிகச் சிறிய பங்கையே செலவிடுகிறது. கடதாசி அதன்மேல் படிந்திருந்தாலும் கருகுவதில்லை. தரங்குறைந்த மாலைகளின் மெல்லிய காப்புறையினால் வரும் மின்னதிர்ச்சி என்ற அச்சம் நீங்கிவிட்டதென்று சொல்வதற்கில்லை. ஆனால் வெப்பம் என்ற பழைய பகை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

இங்கேதான் ஒரு முரண்பாடு எழுகிறது. கடதாசிக்கும் குமிழுக்கும் பகையிருந்த காலத்திலே அவற்றை இணைத்துவைக்கக் கைகள் இருந்தன. பகை தீர்ந்த காலத்திலே கைகள் குறைந்துவிட்டன. பிளாத்திக்குப் பூவும் குமிழும் சேர்ந்தே பெட்டிக்குள் வருகின்றன. விலையும் மலிவு, மழைக்கும் அஞ்சவேண்டியதில்லை. அக்காமார் வேலைக்குச் செல்கின்றனர், அண்ணன்மார் கடல்கடந்துவிட்டனர், பிள்ளைகளுக்கு மாலைநேர வகுப்பு. 320 இதழ்களுக்கு நேரம் எங்கே?

மூன்று நாள்களில் கிழித்தெறியப்படும் ஒன்றுக்காக ஒரு மாத உழைப்பைச் செலவிடுவது விரயமே என்று வாதிப்போர் உளர். கையால் செய்தது எல்லாம் உயர்ந்தது, கடையில் வாங்கியது எல்லாம் தாழ்ந்தது என்று புலம்புவோரும் உளர். இருசாராரும் மாலையை மாத்திரம் பார்க்கின்றனர். மாலை மூன்று நாளுக்குரியது, உண்மை. ஆனால் அதைக் கட்டும் ஒரு மாதத்தில் வீட்டிலுள்ளோர் ஒரு பாயிலே ஒன்றாக அமர்ந்தனர் என்பதை எந்தக் கணக்கிலே சேர்ப்பது? அதுபோலவே, கடையில் வாங்கிய மின்மாலையைப் பழிப்பதிலும் பொருளில்லை. பெட்டியில் வந்த அதே கம்பியிலே கையாற் செய்த பூவைப் பொருத்துவதற்கு எத்தடையும் இல்லை.

2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை இந்நாட்டு மாணவர் எளிதில் மறக்கமாட்டார்கள். கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல்மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அம்மாத இறுதியிலே மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டது. கடதாசியும் மின்சாரமும், கேட்டவுடன் கிடைக்கும் சாதாரணப் பொருள்களென்று எண்ணியிருந்த ஒரு தலைமுறை, அவை இரண்டும் ஒருங்கே இல்லாது போகக்கூடும் என்பதை அப்பொழுது கண்டது. குடாநாட்டு மூதாட்டிக்கு அது புதிய பாடமன்று.

பொருள் வரும், போகும், மீண்டும் வரும். வரும்போது அதை ஏற்பதற்குத் துளையின் அளவு தெரிந்த விரல் ஒன்றேனும் வேண்டும். அந்த அளவு எந்த நூலிலும் அச்சிடப்படவில்லை. அதை அறிந்தவர்கள் இன்னும் ஊர்களிலே இருக்கிறார்கள். விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவர் அவர்கள் அருகே ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, ஒரு பூவை வெட்டிப் பழகுவாராயின், அந்த அளவு இன்னும் ஒரு தலைமுறைக்கு நிலைக்கும்.