தீர்த்தத்தில் மணக்கும் ஏலமலை

பெருமாள் சந்நிதியில் உள்ளங்கையில் வார்க்கப்படும் தீர்த்தம், பழநிப் பஞ்சாமிர்தம், சபரிமலை அரவணை ஆகிய மூன்றிலும் மணப்பது ஏலக்காய். அந்த நறுமணத்தின் வழியைத் தேடுவோர் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரை அடைவர்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து இவ்வூருக்கு, அகலப்பாதைப் பணிக்காக 2010-இல் நின்ற ரயில் 2023 ஜூன் முதல் மீண்டும் ஓடுகிறது. ஊரில் சுப்பிரமணிய சுவாமியையும், குன்றின்மேல் பரமசிவனையும் தரிசித்துவிட்டு 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு. அதற்கப்பால் கேரளத்தின் ஏலமலை. நம் ஊர்ப் பெண்கள் அதிகாலையில் ஜீப்புகளில் மலையேறித் தோட்ட வேலைக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர்.

ஏலம், இஞ்சியும் மஞ்சளும் சேர்ந்த குடும்பத்துச் செடி. பெருமரங்களின் நிழலும் குளிர்ந்த ஈரக்காற்றும் வேண்டும். நட்ட மூன்றாம் ஆண்டில் காய்ப்புக்கு வரும். செடி ஆளுயரத்தை மிஞ்சினாலும், காய்கள் தூரிலிருந்து தரையோடு படரும் சரங்களில்தான் விளையும். ஆகவே குனிந்தே பறிக்க வேண்டும். எல்லாக் காய்களும் ஒருசேர முதிர்வதில்லை. பருவம் முடியும்வரை ஏறத்தாழ மாதம் ஒருமுறை அதே செடியிடம் வந்து குனிய வேண்டும். ஐந்து கிலோ பச்சைக்காயை வெப்ப அறையில் உலர்த்தினால் ஏறக்குறைய ஒரு கிலோ கிடைக்கும். நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மேற்பார்வையில் போடியிலும் புத்தடியிலும் மின்னணு முறையில் ஏலம் ‘ஏலம்’ போகிறது.

அங்கே விலையைத் தீர்மானிப்பவற்றுள் முக்கியமானவை பச்சை நிறமும் பருமனும். இலைப்பேன் தாக்கினால் தோலில் சொறி போன்ற வடு விழும், விலை இறங்கும். விவசாயி மருந்து தெளிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதன் விளைவு சந்நிதி வரை வந்தது. ஏலக்காயில் பூச்சிமருந்தின் எச்சம் அனுமதித்த அளவுக்கு மேல் உள்ளதென்று ஆய்வறிக்கை வர, 2023 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் அரவணை விற்பனையை நிறுத்தியது. ஆறு லட்சத்திற்கும் மேற்பட்ட டின்கள் முடங்கின. ஏலக்காய் சேர்க்காமலே அரவணை தயாராயிற்று. 2024-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. அதற்குள் காலங்கடந்துவிட்டதால் அந்த டின்கள் பக்தர்களுக்குப் பயன்படவில்லை.

ஏலத்தின் மணம் தோலில் இல்லை. உள்ளே இருக்கும் கருவிதையின் எண்ணெயில் இருக்கிறது. தோல் அதற்குக் காவல். எனவே, பொடியாக வாங்காமல் முழுக்காயாக வாங்கி, நைவேத்தியத்தின்போது தட்டிச் சேர்ப்பதே நலம். பளபளக்கும் பச்சையை மட்டுமே தேடவும் வேண்டாம். செயற்கை நிறமேற்றிய காய்களும் சந்தைக்கு வருவதுண்டு. நம் கண் மாசற்ற தோலையே கேட்குமானால், தோட்டத்தில் மருந்து குறையாது. இறைவன் ஏற்பது மணத்தையும், அதைக் குனிந்து பறித்தவர்களின் உழைப்பையுமே அன்றோ!